வெள்ளையாய்ப் போன இலக்கத் தகடு

அதிவேகப் பாதையில் இப்போது கமராவே வாகன இலக்கத்தை வாசித்துவிடுகிறதாம். அதை ஏமாற்றுவதற்காகத் தகட்டில் எதையோ பூசிக்கொண்டு ஓடுகிறவர்கள் பிடிபடுகிறார்களாம். போன மாதம் ரிஸ்னா தொலைபேசியில் சொன்னாள். ஒருகொடவத்தையில் நான் வேலை செய்த கொண்டெய்னர் யார்டில் எனக்குக் கீழே இருந்தவள் அவள். இன்று ஒரு கப்பல் முகவர் கம்பனியில் பாதுகாப்புப் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறாள்.

"மிஸ், அந்த பெட்டரி லொறிட கதைய ஒருக்கா எழுதித் தாங்களே. நான் சொன்னா இவங்க நம்புறாங்க இல்ல" என்றாள்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. இருந்தாலும் அந்த விஷயத்தை நேரில் பார்த்தவர்களில் நானும் ரிஸ்னாவும்தான் இப்போது கொழும்பில் இருக்கிறோம். ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் சிவமலர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதிலேயே பெற்றோருடன் கொழும்புக்கு வந்தவள். முதலில் கிருலப்பனையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ், பிறகு வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் மாடி வீடு. தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து, ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். கம்பனி ஒருகொடவத்தையில் யார்ட் திறந்தபோது என்னை அங்கே மாற்றினார்கள். யுத்தத்தின் கடைசி வருடங்களில் யார்ட் வாசலில் கமரா பூட்டினார்கள். அதன் திரைக்கு முன்னால் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது. பழைய கிளார்க்குகளில் கண்ணாடி போடாதவள் நான் ஒருத்திதான் என்று பகிடியாகச் சொல்லி என்னை அங்கே இருத்தினார்கள்.

வாசலில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. வெளியே போகும் லொறி அதற்குள் வந்து மஞ்சள் கோட்டில் நிற்க வேண்டும். டிரைவர் பாஸையும் அடையாள அட்டையையும் காவலாளியிடம் கொடுப்பார். காவலாளி கொண்டெய்னரின் சீலைப் பார்ப்பான். கொட்டகை பகலிலும் இருட்டாக இருக்கும் என்பதால் கமராவுக்குப் பக்கத்தில் ஒரு பலமான லைட் எரியும். லொறியின் முகமும் இலக்கத் தகடும் என் திரையில் வரும். நான் படத்தை நிறுத்தி, இலக்கத்தை வாசித்து, இன்டர்கொம்மில் காவலாளிக்குச் சொல்ல வேண்டும். பாஸில் உள்ள இலக்கமும் அதுவே என்றால் தடை உயரும். படம் தெளிவில்லாவிட்டால் காவலாளி தகட்டைக் கண்ணால் பார்த்து எனக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். செலவைப் பார்த்து முன்பக்கத்துக்கு மட்டுமே கமரா போட்டிருந்தார்கள்.

இந்த ஒழுங்குகளை எல்லாம் வகுத்தவர் குணதிலக. எங்கள் பாதுகாப்பு முகாமையாளர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, உயர்ந்த மனிதர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது ஏதாவது சொல்ல வந்தால் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்பார். பிறகு, "நீங்கள் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?" என்று கேட்பார். சொன்னார்கள் என்றால், சொன்னவரை அழைத்து வரச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்துவிடுவார். அவர் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

இலக்கத் தகட்டைப் பார்க்க எங்களுக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான். மட்காட் சுத்தமாக இருக்கையில் தகட்டில் மட்டும் சேறு இருந்தால் அது தானாகப் பட்ட சேறு இல்லை. கிறீஸ் தடவி அதன்மேல் தூசு ஊதி, ஓர் இலக்கத்தை மட்டும் மறைப்பார்கள். கறுப்பு டேப்பால் மூன்றை எட்டாக்குவார்கள். பம்பருக்கு மேலே ஒரு கம்பியைப் போட்டு, அது இலக்கத்தை வெட்டிக்கொண்டு போகும்படி வளைப்பார்கள். எல்லாவற்றிலும் நாசூக்கான வேலை மினுக்கம் பூசுவது. தகட்டின்மேல் நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசிவிட்டால் மனிதக் கண்ணுக்கு இலக்கம் வழமைபோலத் தெரியும். ஆனால் லைட் நேரே படும்போது முழுத் தகடும் பளீரென்று திருப்பி அடிக்கும். கமராவில் ஒரு வெள்ளைப் பலகைதான் விழும்.

அந்தக் காலத்தில் ஆளை ஆள் பார்த்த பார்வையையும் சொல்ல வேண்டும். காலையில் வெள்ளவத்தைப் பாலத்தடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிப் பார்ப்பார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தை வாசித்ததும் என் முகத்தை இன்னொரு முறை பார்ப்பார்கள். வேலைக்கு வந்தால் நான் லொறிகளை அப்படிப் பார்ப்பேன். குணதிலக எங்களைப் பார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டின்போதுகூட யார் யாரோடு எந்த மொழியில் கதைத்தார்கள் என்பதை யாரோ கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

சம்பவம் நடந்தது ஒரு மழைப் பின்னேரம். லொறிகள் வரிசை கட்டி நின்றன. வரிசை பிரதான வீதிக்குள் நீண்டுவிட, வெளியே ஆமிக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீல நிற லொறி ஒன்று கோட்டில் வந்து நின்றது. திரையில் தகடு வெள்ளையாக இருந்தது. மழை நீர் பட்டு மினுங்குகிறது என்று நினைத்தேன். படம் தெளிவில்லை என்று இன்டர்கொம்மில் சொன்னேன். காவலாளி இலக்கத்தை வாசித்தான். பாஸில் இருந்த இலக்கமும் அதுதான். தடை உயர்ந்தது. அந்த நேரம் குணதிலக குடையுடன் லொறிக்குப் பக்கத்தில் நின்று, கையை வீசிப் போகச் சொன்னதையும் திரையில் கண்டேன்.

அந்தக் கொண்டெய்னருக்குள் இருந்தவை டோர்ச்சுக்குப் போடும் பெட்டரிகள். சாதாரண நாட்டில் சாதாரணச் சாமான். அன்று, இயக்கத்தின் கைக்குப் போய்விடும் என்று வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள். லொறி போய்ச் சேர வேண்டிய களஞ்சியத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டு நாளில் பொலிஸ் வந்தது. பாஸில் இருந்த இலக்கம் கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு போக்குவரத்துக் கம்பனியின் லொறிக்கு உரியது. அதுவும் அதே வகை நீல லொறிதான். அதன் டிரைவர் செல்வராஜ். எங்கள் வாசலுக்கு அடிக்கடி வருகிறவர், அதிகம் பேசாதவர். அன்று பின்னேரம் கொலன்னாவையில் ஒரு கராஜில் பிரேக் பார்க்க லொறியை விட்டிருந்ததாக அவர் சொன்னார். கராஜ்காரன் பயந்துபோய், தனக்கு நாள் ஞாபகமில்லை என்றுவிட்டான். செல்வராஜைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைக் குணதிலகவின் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் செல்வராஜின் லொறி இலக்கத்தைக் கண்டதாக ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. கையெழுத்துத்தான் பாக்கி. குணதிலக யன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இலக்கத்தைக் காணவில்லை என்றேன்.

பாஸில் இருந்த இலக்கம்தானே, லொறி வெளியே போனதுதானே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பாஸில் இருந்தது, சேர். காவலாளி வாசித்ததைக் கேட்டேன். படத்தில் வெள்ளைதான் இருந்தது. காணாததைக் கண்டேன் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது."

அவர் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார். பிறந்த இடத்தில் விரலை வைத்தார். பெட்டரி எங்கே போகும் என்று எனக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். தனக்குச் சொல்லாமல் கொழும்பை விட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தந்தார். குணதிலக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பயத்தை விட அந்த மனிதரின் மௌனம்தான் எனக்குள் வேலை செய்தது. லொறிக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். கமராவுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் தகடு அது. மினுக்கம் பூசுவதைப் பற்றி அவ்வளவு விபரம் தெரிந்தவர், பக்கத்தில் நின்றும் ஏன் பார்க்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை செல்வராஜின் மனைவி புஷ்பம் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் கம்பனியில் யாரிடமோ கேட்டு, வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறி, ஒழுங்கை ஒழுங்கையாக விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். என் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். வீட்டுக்குப் புதிய ஆட்கள் வந்தால் பொலிஸில் பதிய வேண்டிய காலம். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது. நான் உள்ளே கூட்டிவந்து இருத்தினேன்.

அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். நானும் பொய் சொல்கிறவளோ என்று அளந்தார் போலும்.

"நீங்க கையெழுத்துப் போடலையாம், ஒங்க கம்பனியில சொன்னாங்க. அதான் வந்தேன். அவரு லொறிய நீங்க தெனமும் பாக்குறவங்கதானே அக்கா. நம்பர் பலகை மூலையில மடிஞ்சி கெடக்கும். தூண்ல இடிச்சது. செக்பொயின்டுல ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுத் திட்டுறாங்கன்னு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டாரு. அவரு கம்பனி தரல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் பார்த்ததுதான். புத்தகத் தாளின் மூலை மடிந்ததுபோல் அந்தத் தகட்டின் ஒரு மூலை உள்ளே மடிந்திருக்கும். இலக்கத்தை வாசிப்பதிலேயே கண்ணாக இருந்த நான் அதை ஒரு அடையாளமாக எண்ணவில்லை.

புஷ்பத்திடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "இண்டைக்கு நீங்கள் இஞ்ச வந்ததை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் அவரையும் நான் முழுமையாக நம்பவில்லை என்பதுதான் உண்மை.

திங்கட்கிழமை குணதிலக சாப்பிடப் போன பிறகு ரிஸ்னாவைக் கூப்பிட்டேன். பதிவு இயந்திரம் அவள் பொறுப்பு. இடம் நிரம்பினால் பழைய படங்களைத் தானே அழித்துக்கொண்டு போகும் இயந்திரம் அது. அந்தப் பின்னேரம் இன்னும் அழியவில்லை. படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள்.

"இதுல ஒண்டும் வெளங்கல்ல மிஸ். சும்மா வெள்ளை" என்றாள்.

"இலக்கத்தைப் பாராதை. வெள்ளையின்ரை ஓரத்தைப் பார்."

அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இலக்கத்தை மறைத்த அதே பளபளப்பு, தகட்டின் வடிவத்தைக் கத்தரித்து வைத்ததுபோல் காட்டிக்கொண்டிருந்தது. நான்கு மூலைகளும் நேர். மடிப்பு என்று ஒன்றுமே இல்லை.

பிறகு செல்வராஜின் லொறி வந்த மற்ற நாட்களை எடுத்தோம். முந்திய வாரம் மூலை மடிந்திருந்தது. களவு நடந்ததற்கு மறுநாள் காலை இன்னொரு வேலைக்காக அவர் வந்திருந்தார். அதிலும் மடிந்தே இருந்தது. மழைப் பின்னேரத்தில் நிமிர்த்தி, விடிந்ததும் மறுபடி அதே அளவாக மடிப்பதற்கு யாருக்கும் பைத்தியம் இல்லை.

ரிஸ்னா படங்களை ஒரு சீடியில் பதிந்து தந்தாள். சேருக்குச் சொல்வோமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பின்னேரப் படத்தில் குடையுடன் நின்றவரை அவளும் கண்டிருந்தாள்.

மறுநாள் வயிற்றுக்குச் சரியில்லை என்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். தமிழ்ப் பெண் ஒருத்தி தானாகவே பொலிஸ் நிலையப் படியேறுவது அன்று எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். வெளியே போட்டிருந்த மரவாங்கில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டதும் சீடியை வைத்து, மூலைகளைப் பற்றிச் சொன்னேன். என் முகாமையாளருக்கு இது தெரியக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு மேசை லாச்சியைத் திறந்தார். அதற்குள் இருந்து ஒரு உறையை எடுத்து, படங்களை என் முன்னால் வைத்தார். கடதாசியில் அச்சடித்த படங்கள். அதே லொறி, அதே வெள்ளைத் தகடு. நான்கு மூலைகளிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் செல்வராஜின் லொறி.

குணதிலக தானே படங்களை எடுத்து, சனிக்கிழமையே வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரையைப் பார்க்கும் பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டாராம்.

படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இன்ஸ்பெக்டர் அவற்றை வாங்கித் திரும்ப உறையில் போட்டார்.

"ஒரே இடத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் ஒரே படத்தைத் தனித்தனியாகக் கொண்டுவருகிறீர்கள். மற்றவருக்குச் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள். இதை நான் எப்படி எடுப்பது? உங்களில் ஒருவருக்கு இதில் கை இருக்கிறது, மற்றவருக்கு அது தெரியும். அப்படித்தான் நான் நினைப்பேன். நீங்களும் என் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பீர்கள்."

அப்படியானால் செல்வராஜின் கதி என்ன என்று கேட்டேன். உங்கள் இருவரையும் விசாரித்து முடியும்வரை அவர் உள்ளேதான் என்றார்.

யார்டுக்குத் திரும்பினேன். அரைநாள் லீவு போட்டவள் மத்தியானம் வந்து நிற்பதை வாசல் காவலாளிகள் விநோதமாகப் பார்த்தார்கள். மழை நாளில் இலக்கம் வாசித்தவன் அங்கே இல்லை. தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போனவன் இன்னும் வரவில்லை என்றார்கள். நேரே குணதிலகவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

பொலிஸில் கண்டதைச் சொன்னேன்.

"நீங்கள் என்னைச் சந்தேகித்தீர்கள்" என்றார்.

"ஓம் சேர். லொறிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். கையைக் காட்டிப் போகச் சொன்னீர்கள்."

"வெளியே ஆமி கத்திக்கொண்டிருந்தது. வரிசையை ஓட்டினால் போதும் என்று நினைத்தேன். தகட்டைப் பார்க்கவில்லை. உங்களுக்கெல்லாம் பார்க்கச் சொல்லித் தந்தவன் நான்." மூடிய பேனாவைத் தள்ளி வைத்தார். "வெள்ளைத் தகட்டைத் திரையில் பார்த்தும் நீங்கள் லொறியை நிறுத்தவில்லை. காவலாளியின் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டீர்கள். அதனால் நானும் உங்களைச் சந்தேகித்தேன்."

"அது மட்டும்தானா சேர்?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அது மட்டும் இல்லை. பெட்டரி என்பதும், உங்கள் பெயரும்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவருக்குச் சொன்னேன். எத்தனை வருடம் இந்தக் கதிரையில் இருந்து எத்தனை லொறியை மறித்திருக்கிறேன் என்று கேட்டேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் முடித்ததும் எழுந்து கார்த் திறப்பை எடுத்தார். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒரே வாக்குமூலமாகக் கொடுக்காவிட்டால் செல்வராஜ் வெளியே வரமாட்டார் என்றார். வாசலில் இருந்து காணாமல்போன காவலாளியைப் பற்றியும் அதிலேயே சொல்ல வேண்டும் என்றேன். பொலிஸ் நிலையத்தில் அவர் முதலில் தன் தவறைச் சொன்னார். கையைக் காட்டியதையும், பார்க்காததையும். அதன் பிறகு நான் திரையில் கண்டதையும் காணாததையும் சொன்னேன். இருவரும் ஒரே தாளில் ஒப்பமிட்டோம்.

அதன் பிறகும் உடனே விடவில்லை. காவலாளியை அவன் ஊரில் பிடித்தார்கள். அவன் தகட்டைப் பார்க்காமல் பாஸைப் பார்த்து இலக்கம் வாசித்தவன். அவன் கொடுத்த துப்பில், எங்களுக்கு லொறி பிடித்துத் தரும் கொன்ட்ராக்ட்காரன் ஒருவன் அகப்பட்டான். அவனுடைய கொட்டகையில் அந்த நீல லொறி நின்றது. தகட்டின் மினுக்கம் வெயிலில்கூடத் தெரிந்ததாகச் சொன்னார்கள். பெட்டரிகள் வடக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறக்கோட்டைக் கடைகளில் பெட்டி பெட்டியாக விலைப்பட்டுக்கொண்டிருந்தன. வெறும் களவு. அவ்வளவுதான்.

செல்வராஜ் வெளியே வந்தபோது அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புஷ்பம் ஒருமுறை தொலைபேசியில் நன்றி சொன்னார். குரலில் நன்றியை விடக் களைப்புத்தான் இருந்தது. குணதிலக யுத்தம் முடியும்வரை எங்களோடு இருந்தார். என்னோடு முன்னைவிட மரியாதையாக நடந்தார். ஆனால் நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு சிரித்துப் பேசியதில்லை.

செல்வராஜ் மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் மஞ்சள் கோட்டில் லொறியை நிறுத்தினார். நான் திரையில் இலக்கத்தை வாசித்து இன்டர்கொம்மில் சொன்னேன். தடை உயர்ந்தது. லொறி நகரவில்லை. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, துண்டால் தகட்டைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றார். காவலாளி போகச் சொல்லியும் போகவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னாராம்.

நான் வெளியே வந்தேன்.

"அக்கா, கமராவுல பாத்தது போதாது. நீங்க கண்ணால பாத்து, சத்தமா வாசிங்க. இந்தப் பக்கம் நின்னு வாசிங்க, இந்தக் காதுதான் கேக்கும்."

வாசித்தேன். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, அவர் வாசலுக்கு வந்த ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. பின்னால் நிற்கிற லொறிகள் ஹோர்ன் அடிக்கும். காவலாளிகள் முணுமுணுப்பார்கள். மழை என்றால் குடை பிடித்துக்கொண்டு போவேன். அவர் தலையைக் கொஞ்சம் சரித்து, கடைசி இலக்கம் என் வாயிலிருந்து வரும்வரை கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு ஏறி, லொறியை ஸ்டார்ட் செய்வார்.